பதின்மூன்று பச்சைச் சட்டைகளும் ஒரு குரலும்

என் மகனிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறான். "பிரிக்ஃபீல்ட்ஸ்ல ரக்பி கிளப்பா? அதுவும் நம்மாளுங்களா? தேடிப் பாத்தா ஒண்ணுமே இல்லையேம்மா. கனவு கண்டிருப்பீங்க லா" என்று சிரிக்கிறான். அவனை விடுங்கள், இதை நான் அவனுக்காக எழுதவில்லை. கோலாலம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் என்னோடு ஓடித் திரிந்து, இப்போது காஜாங்கிலும் ரவாங்கிலும் பிள்ளைகள் வீட்டில் முழங்கால் வலியோடு உட்கார்ந்திருப்பவர்களே, நீங்கள்தான் எனக்குச் சாட்சி. அந்தப் பச்சை நிறம் உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா?

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. தண்டவாளத்தை ஒட்டி ஒரு பாடாங், விளையாட்டுத் திடல், இருந்தது. ஒரு பக்கம் சரக்கு வண்டிகள் ஒன்றோடொன்று மோதிக் கோத்துக்கொள்ளும் சத்தம், மறுபக்கம் மழை பெய்தால் ஆற்றுச் சேற்றின் வாடை. சனிக்கிழமை மாலைகளில் அந்தப் பாடாங்கில்தான் எங்கள் அப்பாக்கள் வேறு மனிதர்கள் ஆனார்கள்.

என் அப்பா வண்டி கோக்கும் வேலையில் இருந்தார். வீட்டில் அதிகம் பேச மாட்டார். சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால்கூடச் சொல்ல மாட்டார். அதே மனிதர் பாடாங்கில் இறங்கினால் தலையைத் தாழ்த்திக்கொண்டு காண்டாமிருகம் மாதிரி ஓடுவார். நாலு பேர் அவர் மேல் விழுவார்கள். எழுந்து, உடம்பைக்கூடத் தட்டாமல், குதிகாலால் பந்தைப் பின்னால் உருட்டிவிட்டு மறுபடியும் ஓடுவார். மழை விட்ட நேரங்களில் அவர்கள் தோளோடு தோள் பிணைந்து குனிந்து, எதிர்வரிசையோடு முட்டி நிற்பார்கள். அந்த முதுகுகளிலிருந்து ஆவி எழும்பும். கோடாலித் தைலமும் ஈரத் தோலும் புல்லும் கலந்த அந்த வாசனையை நான் வாயைத் திறந்து விழுங்கியிருக்கிறேன். கோயிலில் தேர் நகரும் நொடியில் ஒரு நடுக்கம் வருமே, அது எனக்கு அங்கேயும் வந்தது.

கிளப்பை உண்டாக்கியவர் ஃபோர்மேன். ரயில்வே பட்டறையில் மேற்பார்வையாளராக வந்த வெள்ளைக்காரர். வெள்ளைக்காரர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "டேய், நா ஐரிஷ்டா. எங்கப்பன் சோத்துக்கு இல்லாம கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனவன். நீயும் கப்பல், நானும் கப்பல்" என்பார். பட்டறைத் தமிழ். வசவுகள்தான் முதலில் கற்றது போலிருக்கும்.

அவர் பிறந்த ஊர் இங்கிலாந்தின் வடக்கே, புகைபோக்கிகள் நிறைந்த ஆலை ஊராம். ஒரு தெரு முழுக்க அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தத் தெரு ஆட்கள் மாதா கோயில் கூடத்தில் கூடிப் பச்சைச் சட்டையோடு ஒரு கிளப் தொடங்கினார்கள். பணக்காரர்கள் ஆடும் ரக்பிக்குப் பதினைந்து பேர். ஆலைத் தொழிலாளிகள் ஆடிய ரக்பிக்குப் பதின்மூன்று பேர். கோலாலம்பூருக்கு வந்தபோது இங்கிருந்த துரைமார் கிளப் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பட்டறைக் கரி படிந்த கையும் பதின்மூன்று பேர் ஆட்டமும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. "போங்கடா" என்று சொல்லிவிட்டு, தன் பட்டறை ஆட்களையும் வண்டி கோப்பவர்களையும் கரி அள்ளிப் போடுபவர்களையும் சேர்த்துக்கொண்டு இந்தக் கிளப்பை ஆரம்பித்தார். நாடு சுதந்திரம் அடைந்து துரைமார்கள் கப்பலேறிய பிறகும் அவர் போகவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை வீட்டில் ஆன்டியோடு இருந்தார்.

ஆன்டி தமிழ்ப் பெண். கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவர்கள் இருவரும் முறைப்படி கல்யாணம் செய்துகொண்டவர்களா என்பது அந்தக் காலத்தில் எங்கள் வரிசை வீடுகளின் பெரிய கேள்வி. என் அம்மாவும் கிள்ளான் பக்கம்தான். அதனாலேயே ஆன்டி மேல் கூடுதல் கோபம். "நம்ம ஊரு பேர கெடுத்தவ. அந்த வீட்டுல தண்ணி வாங்கிக் குடிச்ச, தொலைச்சிருவேன்" என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தார். எனக்கு இப்போது அந்தக் கேள்விக்கு விடை தேவைப்படவில்லை.

அந்த வருஷம் இன்னொரு பேச்சும் கிளம்பியிருந்தது. ஃபோர்மேன் குடிக்கிறாராம். பட்டப்பகலில் சாக்கடையில் கால் விட்டாராம். கச்சாங் பூத்தே கடலை விற்கும் அண்ணனின் தள்ளுவண்டியில் மோதிவிட்டு, ஆளைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்து மன்னிப்புக் கேட்டாராம். "காலையிலயே ஏத்திக்கிறான் போல" என்று அம்மா வீடு வீடாகச் சொன்னார். என் அம்மாவின் வாய்க்கு முன்னால் தந்தி ஆபீஸ் தோற்றுவிடும்.

பயிற்சி ஆட்டங்களில் ஆன்டி நடந்துகொண்ட விதமும் பேச்சாயிற்று. முன்பெல்லாம் ஓரமாக நின்று பார்ப்பவர், அந்த வருஷம் கோட்டை ஒட்டி மேலும் கீழும் ஓடினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விசிலோடு நடுவில் நின்ற ஃபோர்மேனைப் பார்த்துக் கத்தினார். "பொம்பளயா அது? குடிகாரன் ஒருத்தன், வாயாடி ஒருத்தி" என்றார் அம்மா.

உண்மை எனக்குத் தெரியவந்தது சாயம் போடும் நாளில்.

கிளப்புக்குப் பச்சைச் சட்டை வாங்க வசதியில்லை. ஆட்டக்காரர்கள் சாதாரண வெள்ளை பனியன்களைக் கொடுப்பார்கள். ஆன்டி மண்ணெண்ணெய்த் தகரத்தில் பச்சைச் சாயப்பொடியைக் கொதிக்க வைத்து, அதில் முக்கிக் கொடுப்பார். அப்பாவின் பனியனைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை மட்டும் எனக்கு அனுமதிக்கப்பட்டிருந்தது. வாசலோடு வந்துவிட வேண்டும்.

அன்று வாசலில் யாரும் இல்லை. பின்கட்டில் தகரம் கொதிக்கும் சத்தம் கேட்டது. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஃபோர்மேன் மேசையில் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். ஆள்காட்டி விரலைக் குவளைக்குள் மடித்து விட்டிருந்தார். சூடான கோப்பி விரலைத் தொட்டதும் ஊற்றுவதை நிறுத்தினார்.

"அங்கிள், கை சுடாதா?" என்றேன்.

அவர் முகம் திரும்பியது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பக்கத்திலிருந்த கதவைப் பார்த்தது. "யாரு?" என்றார். பிறந்ததிலிருந்து என்னைப் பார்த்தவர்.

ஆன்டி பின்கட்டிலிருந்து வந்தார். முழங்கை வரை பச்சை. என்னையும் அவரையும் பார்த்தார். நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"அங்கிளுக்குக் கண்ணு தெரியாதா?"

"நெழல் மாதிரி தெரியும் பாப்பா. யாரோ ஓடுறாங்கன்னு தெரியும். பச்சையா வெள்ளையான்னு தெரியும். பந்து தெரியாது, மொகம் தெரியாது."

"பெரியாஸ்பத்திரிக்குப் போகலாமே."

"போயாச்சு. நரம்பு செத்துப் போச்சுன்னு சொல்லிட்டாங்க." என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "வெளிய சொல்லிறாத. உங்கப்பாகிட்டயும்தான். இந்த ஆட்டத்துக்கு விசில் ஊத இந்த ஊருல வேற ஆளில்ல. தெரிஞ்சா பாடாங்க புட்பால்காரங்களுக்குக் கொடுத்துருவாங்க."

"அப்ப அங்கிள் எப்படி விசில் ஊதுறாரு?"

ஃபோர்மேன் சிரித்தார். "அதான் இவ ஊர் பூரா கேக்கக் கத்துறாளே" என்றார்.

அவ்வளவுதான். அந்த வாரம் பயிற்சியைப் பார்த்தபோது என் காது வேறு காதாகிவிட்டது. ஆன்டி "முன்னாடி!" என்று கத்தினால், யாரோ பந்தை முன்பக்கமாக எறிந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த ஆட்டத்தில் பின்பக்கம்தான் எறியலாம். கத்திய அடுத்த நொடி விசில் வரும். "கைய விட்டான்!" என்றால் பந்து நழுவி முன்னால் விழுந்துவிட்டது. "வெளிய!" என்றால் கோட்டைத் தாண்டியாயிற்று. வாய்க்கும் விசிலுக்கும் நடுவில் ஒரு இலை நுழைய இடமிருக்காது. ஊரே அவரை வாயாடி என்று நினைத்துக்கொண்டிருக்க, அவர் ஒரு மனிதனுக்குக் கண்ணாக நின்றுகொண்டிருந்தார். இத்தனை பெரிய விஷயம் எல்லோர் கண்ணெதிரிலும் நடக்கிறது, யாருக்கும் தெரியவில்லை!

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்திரேலியர்கள் வந்தார்கள். வடக்கே ஒரு விமானப்படைத் தளத்தில் இருந்தவர்கள். அவர்களில் ஒருவர் ரயிலில் போகும்போது சன்னல் வழியாக எங்கள் பாடாங்கைப் பார்த்திருக்கிறார். பச்சை பனியன் போட்ட கறுத்த மனிதர்கள் குதிகாலால் பந்தை உருட்டுகிறார்கள்! அது அவர் ஊர் ஆட்டம். அடுத்த நிலையத்தில் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தோடு திரும்பி ஓடி வந்துவிட்டார். மூச்சு வாங்க நின்றவரிடம் என் அப்பா தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். இரண்டு அணிக்கும் ஓர் ஆட்டம் என்று அங்கேயே முடிவாயிற்று.

ஆட்ட நாளன்று குவார்ட்டர்ஸில் யாரும் வீட்டில் இல்லை. செந்தூலிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, எனக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டுக் கூட்டி வந்திருந்தார். ஆஸ்திரேலியர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது கூட்டம் சட்டென்று அமைதியானது. ஒவ்வொருவரும் கதவு அகலம். எங்கள் அப்பாக்கள் திடீரென்று சின்னப் பையன்களாகிவிட்டார்கள்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. சாயம் கரைந்தது. அப்பாவின் முதுகிலிருந்து பச்சைத் தண்ணீர் கால்சட்டையில் இறங்கி முழங்காலில் வழிந்தது. ஆஸ்திரேலியர்கள் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. அவர்களை யார் கட்டிப் பிடித்தாலும் அங்கே பச்சை ஒட்டியது. ஒருவர் நெஞ்சில் முழுக் கை பதிந்திருந்தது. ஆட்டத்தின் பாதியில் எல்லோரும் ஏதோ ஒரு பச்சை. ஃபோர்மேனுக்குத் தெரிந்துகொண்டிருந்த கொஞ்சமும் போயிற்று. இனி நிறம்கூட அவருக்கு உதவாது.

நான் அம்மா கையை உதறிவிட்டு ஆன்டியின் பின்னால் ஓடினேன். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டிருந்தார். மழைத் தண்ணீர் வாய்க்குள் போக, தொண்டை கிழியக் கத்தினார். "பச்ச, முன்னாடி! வெள்ள, கைய விட்டான்!" ஒருமுறைகூட விசில் தவறவில்லை. ஆஸ்திரேலியர்கள் அவர் உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டு கை காட்டினார்கள்.

கடைசிக் கட்டத்தில் நாங்கள் இரண்டு புள்ளி பின்னால் இருந்தோம். கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தைத் தரையில் அழுத்தினால் மூன்று புள்ளி. அதற்கு ட்ரை என்று பெயர். ஒரு ட்ரை கிடைத்தால் ஜெயித்துவிடலாம். அப்போது பந்து என் அப்பாவிடம் வந்தது.

ஓரமாக ஓடி வந்தார். நாங்கள் நின்ற மூலைக்குத்தான் வந்தார். ஒருவரைத் தோளால் இடித்துத் தள்ளினார். இன்னொருவர் காலைப் பிடித்தார், அவரையும் இழுத்துக்கொண்டே வந்தார். கோட்டை நோக்கிப் பாய்ந்தார். மூன்று பேர் மேலே விழுந்தார்கள். சேறு என் பாவாடையில் அடித்தது. கூட்டம் போட்ட சத்தத்தில் தகரக் கூரைகள் அதிர்ந்திருக்கும்.

ஆன்டி சேற்றில் மண்டியிட்டார். கன்னம் தரையைத் தொடும் அளவுக்குக் குனிந்து, அந்த உடல்களின் குவியலுக்கு அடியில் பார்த்தார். வழுக்கி விழுந்துவிட்டார் என்றுதான் பலர் நினைத்தார்கள்.

ஃபோர்மேன் விசிலை வாயில் வைத்தபடி நின்றார். கூட்டம் முழுக்க அவரைப் பார்த்தது. அவர் முகம் எங்கள் மூலைக்குத் திரும்பியிருந்தது. அவர் காத்திருந்தார்.

ஆன்டி எதுவும் சொல்லவில்லை.

அன்று முழுக்க ஒரு நொடிகூடத் தாமதிக்காத குரல். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். உதடுகள் இறுகியிருந்தன. பிறகு எழுந்து நின்றார்.

"தம்பி விட்டுட்டாரு" என்றார், என் அப்பாவைத்தான். கத்தவில்லை. பிறகு கத்தினார். "தொடுறதுக்கு முன்னாடியே விட்டுட்டாரு!"

விசில் ஒலித்தது. ஃபோர்மேன் கையைக் குறுக்கே ஆட்டினார். ட்ரை இல்லை. கொஞ்ச நேரத்தில் ஆட்டமும் முடிந்தது.

கூட்டம் கொதித்துவிட்டது. "குடிச்சிட்டு வந்து ஊதுறான்யா! வெள்ளக்காரன் வெள்ளக்காரனுக்குத்தான் ஊதுவான்!" யாரோ கடித்த சோளக் கதிரை எறிந்தார்கள். அது ஃபோர்மேனின் தோளில் பட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அவர் வேறு பக்கம் திரும்பினார். அதைப் பார்த்தும் சிரித்தார்கள். ஆன்டி போய் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மழையில் இருவரும் நடந்து போனார்கள். என் அப்பா சேற்றில் உட்கார்ந்தபடி தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அம்மா வெந்நீர் போட்டுக்கொண்டே திட்டினார். "அந்தக் குடிகாரன் வெளங்குவானா? உங்க ட்ரைய..."

"பேசாத" என்றார் அப்பா. நாங்கள் திடுக்கிட்டோம். அவர் குரலை அப்படிக் கேட்டதில்லை. "பந்து எங்கையில இல்ல. கோட்டுக்கு ஒரு முழம் முன்னாடியே நழுவிருச்சு. எம்மேல மூணு பேரு கெடந்தானுங்க. எவனாலயும் பாத்திருக்க முடியாது. அந்த மனுஷன் எங்கேயோ நடுவுல நின்னாரு. எப்படிப் பாத்தாரு?"

மறுநாள் காலையில் அப்பா குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு ஃபோர்மேன் வீட்டுக்குக் கிளம்பினார். நானும் கூடவே ஓடினேன். அம்மா தடுக்கவில்லை.

ஃபோர்மேன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்பா நின்றபடியே சொன்னார். "ஃபோர்மேன், பந்து நழுவுனது நெசம். அங்கயே நா சொல்லியிருக்கணும், வாய் வரல. ஆனா ஒண்ணு சொல்லுங்க. எப்படிப் பாத்தீங்க?"

ஃபோர்மேன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "நா பாக்கலடா" என்றார். "அவ பாத்தா."

அப்பாவுக்குப் புரியவில்லை. ஃபோர்மேன் கையை நீட்டினார். காற்றில் துழாவி, அப்பாவின் சட்டையைத் தொட்டு, அங்கிருந்து தோளுக்குப் போய், முகத்துக்கு வந்தது அந்தக் கை. மூக்கையும் மீசையையும் தடவிப் பார்த்தது. அப்பா மெதுவாக அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

ஆன்டி கோப்பி கொண்டுவந்து வைத்தார். அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, நீங்க பேசாம இருந்திருந்தா ட்ரைன்னு ஊதியிருப்பாரு. நம்ம ஜெயிச்சிருப்போம். ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது. ஏன்க்கா?"

ஆன்டி சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். நகக்கண்ணில் இன்னும் பச்சை இருந்தது.

"சொல்லாம விட்ரலாம்னுதான் நெனச்சேன் தம்பி. ஒரு நிமிஷம் நெனச்சேன். ஆனா இன்னிக்கு நீங்க வந்து இப்பிடிச் சொல்லியிருப்பீங்க இல்ல? நா பொய் சொன்னேன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். அப்புறம் நாளைக்கு 'வாங்க, காடி, லாரி ஒண்ணும் வரல'ன்னு நா சொன்னா, எத நம்பி அவரு ரோட்டுல கால வைப்பாரு?"

அப்பா கோப்பியைக் குடித்தார். எனக்கும் ஒரு குவளை வந்தது. அந்த வீட்டில் நான் குடித்த முதல் கோப்பி. சீனி அதிகம்.

அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அம்மா அடுப்பு முன்னால் அப்படியே நின்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். குடிகாரன் என்ற பேச்சை வரிசை வரிசையாகக் கொண்டுபோன அதே வாய், அன்று சாயங்காலத்துக்குள் இதையும் கடைசி வீடு வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அதிகாரிகள் காதுக்கும் எட்டியிருக்கும். ஆனால் பாடாங்கைக் கேட்டு யாரும் வரவில்லை. ஆட்டக்காரர்கள் ஆன்டியிடமே விசிலைக் கொடுக்கலாம் என்றார்கள். "விசிலு அவரோடது. எனக்கு வாயி போதும்" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வருஷம் ஆஸ்திரேலியர்கள் மறுபடியும் வந்தார்கள். அவர்களிடமும் அப்பா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொல்லியிருந்தார். அவர்களின் தலைவர் போய் ஃபோர்மேனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆன்டியின் முன்னால் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினார்.

அன்றைக்கு நடந்ததை நான் இன்றுவரை சரியாக யாருக்கும் விளக்கியதில்லை. பாடாங்கைச் சுற்றி முந்தைய வருஷத்தைவிடக் கூட்டம். ஒரு சத்தம் இல்லை. என் அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்து நடந்து, "கத்தாதீங்க, அக்கா கொரலு அவருக்குக் கேக்கணும்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கச்சாங் பூத்தே அண்ணன் கூவவில்லை, கையை மட்டும் தூக்கிக் காட்டி விற்றார். அந்தக் கதவு அகல மனிதர்கள்கூடப் பந்து கேட்டுக் கூப்பிடாமல் கைதட்டிக் காட்டினார்கள். உடம்புகள் மோதும் சத்தம், மூச்சு, விசில், அவற்றுக்கு மேலே ஆன்டியின் குரல்.

நாங்கள் அன்றும் தோற்றோம், நல்ல வித்தியாசத்தில்.

அந்த ஆட்டத்தின் நடுவில் கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் சரக்கு வண்டி ஒன்று வந்தது. இரைச்சலில் ஆன்டியின் குரல் கேட்கவில்லை. ஃபோர்மேன் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். அப்பாவின் கையில் பந்து. இரண்டு பக்கத்து ஆட்களும் ஓடிக்கொண்டிருந்த இடத்திலேயே நின்றார்கள். யாரும் ஓரடி முன்னால் வைக்கவில்லை, யாரும் அவரை ஏமாற்ற நினைக்கவில்லை. பெட்டிக்குப் பின் பெட்டியாக அந்த நீண்ட வண்டி போய்க்கொண்டே இருந்தது. பாடாங் முழுக்க, கூட்டம் முழுக்க, இடுப்பில் கைவைத்தபடி காத்திருந்தது.

கடைசிப் பெட்டி கடந்தது. ஃபோர்மேன் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ம், இப்ப ஊதுங்க" என்றார் ஆன்டி.